நான்கு டிராக்குக்கும் காது கொடுங்கள்: எலக்ட்ரானிக் இசை விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

எலக்ட்ரானிக் இசைக்கு விமர்சனம் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஒரு புரொடியூசர், அதாவது இந்த இசையை உருவாக்குபவர், பெரிய ஆல்பம் ஒன்றை வெளியிடுகிறார். நீங்கள் அதை நாள்கணக்கில் கேட்டு, யோசித்து, விரிவாக எழுதுகிறீர்கள். நான்கைந்து மாதம் கழித்து அதே ஆள் நான்கு டிராக் கொண்ட ஒரு இ.பி.யை, அதாவது ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீட்டை, வெளியிடுகிறார். அன்று மாலைக்குள் விமர்சனம் வந்துவிடுகிறது. மூன்றே பத்தி. முதல் பத்தி போன ஆல்பத்தின் புகழ். கடைசிப் பத்தி அடுத்த ஆல்பம் எப்படி இருக்கும் என்ற ஊகம். நடுவில் இருக்கும் பத்தியில்தான் இப்போது வந்திருக்கும் இசை. அதிலும் பாதி, ஆல்பத்தின் எந்த டிராக்கை இது நினைவூட்டுகிறது என்பதிலேயே போய்விடுகிறது. இருபத்தைந்து நிமிட இசைக்கு மொத்தமாகக் கிடைப்பது மூன்று வாக்கியம்.

இதைத் திரும்பத் திரும்பப் படித்து மனம் நொந்துதான் இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே காலத்தைத் தள்ளுவதற்காக வந்தது என்ற நினைப்போடு இ.பி.யைக் கேட்கத் தொடங்காதீர்கள். அது முடிந்த ஒரு வேலை. அது என்ன செய்யப் பார்க்கிறது, அதைச் செய்ததா, இல்லையா? இதை எழுதுங்கள். பாராட்டச் சொல்லவில்லை. நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே எழுதுங்கள். ஆனால் அந்த முடிவு அந்த இருபத்தைந்து நிமிடத்தைக் கேட்டதிலிருந்து வரட்டும்.

இந்த இசையில் குறுகிய வெளியீடு என்பது ஆல்பம் செய்ய முடியாதவர்களின் ஆறுதல் பரிசு கிடையாது. இது வளர்ந்ததே 12 அங்குல வினைல் தட்டில்தான். பேஸ் ஆழமாகவும் சத்தமாகவும் இருந்தால், தட்டில் வெட்டும் வரிப்பள்ளம் இரண்டு பக்கமும் அதிகமாக வளைகிறது. பக்கத்துப் பள்ளத்தோடு மோதாமல் இருக்க இடைவெளி விட வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு பக்கத்தில் கொள்ளும் நிமிடங்கள் குறைகின்றன. ஒரே பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அடைக்க நினைத்தால் ஒலியளவையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டு, நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் வெட்டினால் பேஸும் உடம்பில் இறங்கும், டிரம்ஸின் ஹைஹாட் சிம்பலும் பிசிறில்லாமல் கேட்கும். அதாவது நீளத்தைக் குறைப்பது அந்த ஒலி வேண்டும் என்பதற்காக எடுத்த முடிவு. இன்று பெரும்பாலோர் ஸ்ட்ரீமிங்கில்தான் கேட்கிறார்கள் என்பது சரி. இருந்தாலும் அந்தத் தட்டு பழக்கிவைத்த வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு டிராக்கின் முதல் ஒன்றரை நிமிடம் வெறும் டிரம்ஸ் மட்டும் ஓடுகிறது என்றால், அது டி.ஜே. இன்னொரு டிராக்கிலிருந்து இதற்கு மாறுவதற்காக விட்ட இடம். அதை 'இழுவையான தொடக்கம்' என்று எழுதும்போது, அந்த இசை எதற்காகச் செய்யப்பட்டதோ அதையே கவனிக்காமல் விடுகிறீர்கள்.

அப்புறம் வேகம். ஆல்பத்துக்குத் தயாராக ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். சில விஷயங்கள் அவ்வளவு காலம் காத்திருக்காது. 1994ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அனுமதியில்லாத ரேவ் நடனக் கூட்டங்களை ஒடுக்க ஒரு குற்றவியல் சட்ட மசோதா வந்தது. திரும்பத் திரும்ப வரும் பீட்டுகளைக் கொண்ட ஒலி என்று, இசையின் தன்மையையே சட்டத்தின் மொழியில் எழுதிவைத்திருந்தார்கள். ஆட்டெக்கர் என்ற எலக்ட்ரானிக் இசை இரட்டையர் அப்போதுதான் முதல் ஆல்பத்தை முடித்திருந்தார்கள். 1993 நவம்பரில் 'இன்குனாபுலா', 1994 நவம்பரில் 'ஆம்பர்'. நடுவில், 1994 செப்டம்பரில், மூன்றே டிராக்கில் 'ஆன்ட்டி' இ.பி. அதில் 'ஃப்ளட்டர்' என்ற டிராக்கின் டிரம்ஸை, எந்த இரண்டு பாரும் (தாளச் சுற்றும்) ஒரே மாதிரி இல்லாதபடி புரோகிராம் செய்தார்கள். தட்டின் உறையை ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மற்ற இரண்டு டிராக்குகளிலும் திரும்ப வரும் பீட்டுகள் உண்டு என்ற எச்சரிக்கை இருந்தது. 'ஃப்ளட்டர்' போடும் டி.ஜே.க்கள் போலீஸ் வந்தால் நிரூபிப்பதற்கு ஒரு வக்கீலையும் ஒரு இசை அறிஞரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி ஆலோசனையும் இருந்தது. வருமானம் லிபர்ட்டி என்ற உரிமை அமைப்புக்குப் போனது. அதே வருடம் நவம்பரில் மசோதா சட்டமாகிவிட்டது.

இந்த மூன்று டிராக்கும் ஆல்பத்துக்காகக் காத்திருந்தால் விவாதம் முடிந்த பிறகுதான் வந்திருக்கும். 'ஃப்ளட்டர்' கேட்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. மேலே சிந்த் (சிந்தசைசர் ஒலி) மெல்லத் திரும்பத் திரும்ப வருகிறது, கீழே டிரம்ஸ் ஒரு இடத்திலும் தன்னைத் திருப்பிச் சொல்வதில்லை. ஆனாலும் உடம்பு ஆடுகிறது. பீட் திரும்ப வராமலே தாளம் நிற்க முடியும் என்று அந்தச் சட்ட வாசகத்துக்கு இசையிலேயே பதில் சொன்னார்கள். இதை 'இன்குனாபுலா'வின் தொடர்ச்சி என்றும் 'ஆம்பர்' வரும்வரை தாங்கும் தீனி என்றும் எழுதியிருந்தால் என்ன மிஞ்சும்? இரண்டு ஆல்பங்களும் தொடாத ஒன்றை இந்தச் சின்னத் தட்டு தொட்டது.

பெரியல் என்ற புரொடியூசரின் கதை இதைவிடத் தெளிவானது. 2006இல் முதல் ஆல்பம், 2007இல் 'அன்ட்ரூ'. இரண்டாவது ஆல்பம் பிரிட்டனின் மெர்க்குரி ஆல்பப் பரிசின் இறுதிப் பட்டியல்வரை போனது. அதன்பின் வருடக்கணக்கில் மூன்றாவது ஆல்பம் வரவே இல்லை. வந்தவை எல்லாம் இரண்டு மூன்று டிராக் கொண்ட தட்டுகள். 2011இல் 'ஸ்ட்ரீட் ஹேலோ', 2012இல் 'கின்ட்ரெட்', 2013 டிசம்பரில் 'ரைவல் டீலர்'. இவற்றில் பலவற்றுக்கு நல்ல விமர்சனமும் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டே வந்தது: 'மூன்றாவது ஆல்பம் எப்போது?'

அந்தக் கேள்வி கேட்டவர்களின் காதை அடைத்துவிட்டது என்பது என் எண்ணம். 'அன்ட்ரூ'வின் டிராக்குகள் பெரும்பாலும் நான்கைந்து நிமிடம்தான். தேய்ந்த குரல் சாம்பிள், தள்ளாடும் டூ-ஸ்டெப் டிரம்ஸ், மழை மாதிரி வினைல் இரைச்சல் என்று ஒரு மனநிலை தொடங்கி, அதிலேயே இருந்து, மங்கிவிடும். 'கின்ட்ரெட்' அப்படி இல்லை. மூன்று டிராக், அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. முதலாவதும் கடைசியும் பதினோரு நிமிடத்துக்கு மேல். டிரம்ஸ் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடுகிறது. சில நொடி வெறும் இரைச்சல். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது வேறொரு மெட்டோடு திரும்ப எழுகிறது. 'ஆஷ்ட்ரே வாஸ்ப்' டிராக்கில் ஹவுஸ் பீட் ஒன்று கரைந்து, கடைசிச் சில நிமிடங்களில் உடைந்துபோன ஒரு சின்ன மெட்டு மட்டும் நிற்கிறது. மனநிலையை வரைந்துகொண்டிருந்த ஒருவர் நிகழ்ச்சிகளைக் கோக்க ஆரம்பித்துவிட்டார். அவர் வேலையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான், அது நடந்தது ஒரு இ.பி.யில். ஆல்பத்தை எதிர்பார்த்து வாசலில் நின்றவர்களுக்கு, உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட ஆள் தெரியவில்லை. 2019இல் இந்தக் குறுந்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தொகுப்பாக வெளியிட்டபோது, அவை எவ்வளவு தூரம் பயணித்திருக்கின்றன என்பது யாருக்கும் தெரியும்படி ஆகிவிட்டது. அதில் இருந்த இசை எல்லாம் முன்பே வந்ததுதான்.

'ரைவல் டீலர்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு வந்த எதிர்வினைகளில்தான் நான் விரும்பும் விமர்சனத்தைப் பார்த்தேன். அந்தத் தட்டில் பெரியல் தன் கூச்சத்தை எல்லாம் விட்டுவிட்டார். எண்பதுகளின் பாப் பாடல் போன்ற டிரம்ஸ், வெளிச்சமான சிந்த், யாரோ தைரியம் சொல்லும் குரல்கள். பதின்மூன்று நிமிடம் ஓடும் 'கம் டவுன் டு அஸ்' முடிவில் திரைப்பட இயக்குநர் லானா வச்சோவ்ஸ்கி தான் யார் என்பதைப் பற்றிப் பொதுமேடையில் பேசிய பேச்சின் ஒரு துண்டு வருகிறது. சீண்டலுக்கும் கொடுமைப்படுத்தலுக்கும் எதிரான பாடல்கள் இவை என்று பெரியலே பி.பி.சி. வானொலிக்குச் செய்தி அனுப்பினார். சிலருக்கு இது கண்ணீர் வரவழைத்தது. சிலருக்கு அளவுக்கு மீறிய இனிப்பாகத் தெரிந்தது, அப்படியே எழுதினார்கள். எனக்கு அந்தத் தட்டு மிகவும் பிடிக்கும். இருந்தும், பிடிக்காமல் எழுதியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த சிந்த் ஏன் உறுத்துகிறது, மறைந்தே இருந்த ஒருவர் திடீரென்று நேராகப் பேசினால் அந்த மர்மம் என்ன ஆகும் என்று அவர்கள் இசையோடு சண்டை போட்டார்கள். நீளத்தைப் பற்றியோ அடுத்த ஆல்பத்தைப் பற்றியோ பேச அவர்களுக்கு நேரமில்லை. எல்லா இ.பி.க்கும் இப்படி ஒரு சண்டை கிடைக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

அதற்கு எதிர்மாறாக இருந்தது ஏஃபெக்ஸ் ட்வின் என்ற புரொடியூசரின் ஒரு வெளியீட்டைச் சுற்றி நிலவிய மனநிலை. முந்தின ஆல்பத்துக்குப் பதின்மூன்று வருடம் கழித்து 2014 செப்டம்பரில் அந்தப் பெயரில் 'சைரோ' ஆல்பம் வந்தது, கிராமி விருதும் வாங்கியது. அது வந்து நான்கே மாதத்தில், 2015 ஜனவரியில், ஒரு இ.பி. பதின்மூன்று டிராக், அரை மணி நேரத்துக்கும் குறைவு. சில டிராக்குகள் ஒரு நிமிடம்கூட இல்லை. உடனே 'துணுக்குகள்', 'பட்டறைக் குறிப்புகள்' என்ற சொற்கள் புழங்க ஆரம்பித்தன. அந்தத் தட்டில் நடப்பதைக் கவனியுங்கள். கணினி கட்டளையிடுகிறது, ஆனால் ஒலி எழுவது நிஜமான கருவியிலிருந்து. தானாகக் கட்டைகள் அழுந்தும் டிஸ்க்ளேவியர் பியானோ, தந்திகளுக்கு இடையில் பொருள்களைச் செருகிய பியானோ, இயந்திரம் அடிக்கும் டிரம்ஸ். 'சைரோ'வில் சிந்த்துகளால் கட்டிய சிக்கலான உலகத்துக்கு இது நேர் எதிரான கேள்வி. தவறே செய்யாத ஒரு கட்டளை மரத்தையும் தோலையும் தட்டும்போது அங்கே என்ன பிசகுகிறது, அந்தப் பிசகில் எவ்வளவு அழகு இருக்கிறது? ஒரு அடியை, ஒரு அதிர்வை உற்றுக் கேட்க நாற்பது நொடி போதும். அதை ஐந்து நிமிடமாக நீட்டியிருந்தால்தான் குறை சொல்லியிருக்க வேண்டும். அதே சமயம் பதின்மூன்றும் சமமாக நிற்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். நடுவில் ஒன்றிரண்டு தடமில்லாமல் கடந்துபோகின்றன. இந்த மாதிரி வேறுபாட்டைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்: எது நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன்?

ஆல்பத்திலிருந்தே பிறக்கும் இ.பி.க்களும் உண்டு. ஜான் ஹாப்கின்ஸ் 2013இல் 'இம்யூனிட்டி' வெளியிட்டார், அடுத்த வருடம் அதிலிருந்து நான்கு இசைத்துண்டுகளை எடுத்து, பீட்டை உருவிவிட்டு, மிக மெதுவாக, இடைவெளி இல்லாமல் ஓடும்படி மறுபடி செய்து 'அஸ்லீப் வெர்ஷன்ஸ்' என்று வெளியிட்டார். இதைக் கேட்டுவிட்டு 'புதிதாக ஒன்றுமில்லை' என்று எழுதுவது எளிது. கேட்க வேண்டியது வேறு: நடன பீட்டை எடுத்துவிட்டால் அந்த டிராக்கில் என்ன மிஞ்சுகிறது? எதுவும் மிஞ்சவில்லை என்றால் அது ஆல்பத்தைப் பற்றியும் ஒரு தகவல்தானே.

புதிதாக வருகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். பெரிய பெயர்களுக்கு உங்கள் விமர்சனத்தால் ஒன்றும் ஆகிவிடாது. முதல் வெளியீட்டுக்கு நல்ல பெயர் வாங்கி, இரண்டாவதாக ஒரு சின்னத் தட்டோடு வரும் ஆளுக்கு ஆகும். முதல் தட்டு மாதிரியே செய்தால் 'வட்டம் அடிக்கிறார்' என்கிறீர்கள். மாற்றிச் செய்தால் 'தடம் மாறிவிட்டார்' என்கிறீர்கள். இரண்டு வாசலையும் அடைத்துவிட்டால் அவர் எப்படித்தான் நகர்வது? ஜேம்ஸ் பிளேக் 2010இல் ஒரே வருடத்தில் மூன்று இ.பி. வெளியிட்டார். 'தி பெல்ஸ் ஸ்கெட்ச்' கோணல்மாணலான டப்ஸ்டெப் (கனமான பேஸ் கொண்ட நடன இசை). 'சி.எம்.ஒய்.கே.' ஆர் அண்ட் பி குரல்களை வெட்டி ஒட்டியது. 'கிளாவியர்வெர்க்கே'யில் பியானோவும் அவருடைய சொந்தக் குரலும். 2011 பிப்ரவரியில் முதல் ஆல்பம் வந்தபோது அவர் பாடகராகவே நின்றார். மூன்று தட்டும் மூன்று திசை. அந்த மாற்றத்தை அவர் யாரும் பார்க்காத இடத்தில் செய்துகொண்டிருக்கவில்லை, வெளியீடுகளிலேயே செய்தார். அந்த வருடம் அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவனித்து எழுதியவர்கள் இருந்தார்கள், அதனால் கேட்பவர்களும் கூடவே நடந்து வர முடிந்தது. அடுத்த ஆளுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள்.

மதிப்பெண் விஷயத்தில் எனக்கு நீண்ட நாள் மனக்குறை உண்டு. எழுபது நிமிட ஆல்பத்துக்கும் பதினெட்டு நிமிட இ.பி.க்கும் ஒரே அளவுகோல், அதிலும் தசமப் புள்ளியோடு. அது எதை அளக்கிறது? 'நன்றாக இருக்கிறது, ஆனால் சின்னது' என்பதற்காக ஒரு மதிப்பெண் குறைகிறதா என்பது படிப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்று ஆசிரியர் குழு சொன்னால், நீளத்துக்காகக் குறைக்கவில்லை என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். விருதுக் குழுக்களே இந்த விஷயத்தில் இறங்கி வந்திருக்கின்றன. ஸ்க்ரில்லெக்ஸ் 2012இலும் 2013இலும் நடன, எலக்ட்ரானிக் பிரிவில் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது இ.பி.க்களுக்காகத்தான். அந்தத் தட்டுகள் எனக்குப் பிடித்த வகை இல்லை. ஆனால் குறுகிய வெளியீட்டாலும் ஒரு காலத்தின் ஒலியையே மாற்றிவிட முடியும் என்பதை அவை சந்தேகமில்லாமல் காட்டின.

நீங்கள் சொல்லக்கூடியது எனக்குப் புரியாமல் இல்லை. வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வெளியீடுகள் குவிகின்றன, எழுதுவதற்குக் கிடைக்கும் பணம் சொற்பம், எல்லா இ.பி.க்கும் மூன்று நாள் ஒதுக்க முடியாது. அப்புறம், சில இ.பி.க்கள் உண்மையிலேயே மிச்சம் மீதிதான்: ஆல்பத்தில் சேராத இரண்டு டிராக்கும் அவசரமாகக் கேட்டு வாங்கிய இரண்டு ரீமிக்ஸும் சேர்த்து, விற்பனையைக் கொஞ்சம் நீட்டிக்க வந்தவை. அவற்றை அப்படியே சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது. நேரம் இல்லையா, எல்லாவற்றையும் பற்றி எழுத வேண்டாம். பத்து இ.பி.க்கும் மூன்று மூன்று பத்தி எழுதுவதை விட, இரண்டைத் தேர்ந்தெடுத்து முழுதாகக் கேட்டு எழுதுங்கள். விட்டுவிட்ட எட்டுக்கு அது அநியாயம் இல்லை. அரைகுறையாகக் கேட்டு எழுதுவதுதான் அநியாயம்.

கேட்பதைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் இந்த இசையைக் கேட்டு எழுதாதீர்கள். பேஸ் 40, 50 ஹெர்ட்ஸில் நடக்கும் இசை இது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. நான்கு டிராக்கில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது என்றால், இசையின் பாதியைக் கேட்காமலே 'மெலிதாக இருக்கிறது' என்று எழுதியவர்கள் ஆவீர்கள். நல்ல ஹெட்போன் போதும். முடிந்தால் பெரிய ஸ்பீக்கரில் ஒருமுறை. அதோடு, எழுதுவதற்கு முந்தின நாள் பழைய ஆல்பத்தைப் போட்டுக் கேட்காதீர்கள். அது காதில் உட்கார்ந்துகொண்டால் புதியதில் இல்லாததுதான் முதலில் கேட்கும். முதலில் இ.பி.யை மட்டும் சில நாள் கேளுங்கள். ஒப்பிட வேண்டும் என்றால் பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, வருட இறுதிப் பட்டியல்கள். அவற்றைப் பெரும்பாலும் நவம்பர் கடைசிக்குள் முடித்துவிடுகிறீர்கள். 'ரைவல் டீலர்' மாதிரி டிசம்பரில் வரும் தட்டுகள் அந்த வருடப் பட்டியலுக்குப் பிந்திவிடுகின்றன, அடுத்த வருடப் பட்டியலுக்குப் பழையதாகிவிடுகின்றன. இ.பி.க்கள் டிசம்பரில் வருவது இந்த இசையில் அபூர்வம் இல்லை. பெரிய நிறுவனங்கள் அமைதியாக இருக்கும் மாதம் என்பதால் சின்ன லேபிள்களுக்கு அது வசதி. டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் வருபவற்றை அடுத்த வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இ.பி.க்களுக்குத் தனிப் பட்டியல் போடுவீர்களானால், அதை ஆல்பப் பட்டியலுக்குக் கீழே பெயர்களின் வரிசையாக மட்டும் விட்டுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியாவது எழுதுங்கள். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு இரவு அந்தத் தட்டைத் தேடிப் போடும் ஆட்களில் நானும் ஒருத்தி.

அன்புடன்,
உங்கள் விமர்சனங்களை விடாமல் படிக்கும் வாசகி